அழற்சி: வீக்கம் அல்ல, நெருப்பு

மன்னார்குடியில் அத்தையின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சி-ரியாக்டிவ் புரோட்டீன் (உடம்பில் இன்ஃப்ளமேஷன் இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) கூடியிருந்தது. "உடம்புல வீக்கம் இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தை திண்ணையில் உட்கார்ந்து கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "குழியே விழலையேடா, எங்கே வீங்கியிருக்கு?"

தப்பு அத்தை மேல் இல்லை, வீக்கம் என்ற அந்தச் சொல்லின் மேல். இன்ஃப்ளமேஷன் என்பதற்குத் தமிழ் அழற்சி. சுழல் சுழற்சி ஆனதுபோல அழல் அழற்சி ஆகிறது. அழல் என்றால் நெருப்பு. மாலைப்பொழுதை "அழல்போலும்" என்கிறது குறள் (1228). ஆங்கிலச் சொல்லும் தீ மூட்டுவதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். 'இடிஸ்' என்று முடியும் நோய்ப்பெயர்களுக்கும் இச்சொல் அழகாகப் பொருந்தும்: ஆர்த்ரைடிஸ் மூட்டழற்சி, ஹெபடைடிஸ் கல்லீரல் அழற்சி. (சித்த மருத்துவத்தில் அழல் என்பது பித்தம்; அது வேறு.)

சிவப்பு, வீக்கம், சூடு, வலி என நான்கு அடையாளங்களை ரோமானியரான செல்சஸ் 1-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். வீக்கம் நான்கில் ஒன்று, அவ்வளவே. கருவேல முள் தைத்த கால் விண்விண்ணென்று தெறிக்கிறதே, அது வைக்கோல் தீ. எரிந்து அடங்கிவிடும். இனிப்பு மிஞ்சினால் வருவது உமித் தீ. அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மேட்டைக் குச்சியால் கிளறிப் பாருங்கள்: மேலே சாம்பல், உள்ளே கங்கு.

ஜீனியில் பாதி ஃப்ரக்டோஸ். தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. இன்சுலினுக்கு உடம்பு சரியாக இசைவதில்லை, ரத்தக்குழாய்ச் சுவரும் கெடுகிறது. வலியும் வீக்கமும் இல்லாமலே இத்தனையும் நடக்கும். அந்தப் புரோட்டீன் காய்ச்சலிலும் கூடும் என்பதால், அத்தையின் மருத்துவர் அதையெல்லாம் விசாரித்த பிறகே காபியில் போடும் சர்க்கரையைப் பற்றிய பேச்சுக்கு வந்தார்.

சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5-க்குள் இருக்கட்டும் என்றது உலக சுகாதார நிறுவனம், 2015-இல். 5 சதவீதம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம், 6 தேக்கரண்டி. அத்தைக்கு நாலு வேளை காபி, வேளைக்கு இரண்டு கரண்டி. அசோகா அல்வா தனி. தேனும் நாட்டுச்சர்க்கரையும் இதே கணக்குதான்; முழுப்பழம் இந்தக் கணக்கில் வராது.

"உள்ளே உமி மூட்டம் போட்டாப்ல, அத்தை" என்றேன். கணுக்காலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மாட்டுக்கொட்டாயில போடுவோமே, அதுவா? அது விடிய விடிய புகையுமேடா."