பனை வைரத்தில் ஒரு கிட்டார்

வீரவநல்லூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். கூரையிலிருந்து இறங்கிய பனங்கைகளில் நான்கை விலை பேசி எடுத்து வந்தேன், எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றுக்கு முகப்புப் பலகை செய்யலாம் என்று. கதவு, நிலை செய்யும் தச்சர் அண்ணாச்சி ஒருவர் தன் பட்டறையில் ஓர் ஓரம் ஒதுக்கித் தந்தார். கட்டையைக் கையில் வாங்கியதும் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தார். "நாதமே இல்லையே தம்பி. இதுல போயா கிட்டார் பண்ணப்போறீய?"

வீணைக்குடமும் தவில் கட்டையும் பலாவில் கடைவதைப் பார்த்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? கம்பியோ தோலோ அதிர, அந்த அதிர்வை வாங்கி மரமும் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து வெளியே தள்ளும் கருவிகள் அவை. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்கள் இன்னும் ஒரு படி மேலே. அங்கே கம்பியே கிடையாது. தட்டினால் கல்லே அதிர்ந்து பாடும்.

எலெக்ட்ரிக் கிட்டார் நேர் எதிர்க் கோடியில் நிற்கிறது. கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சின்னப் பெட்டி. உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி கனத்தில் செப்புக் கம்பி, 7,000 முதல் 8,000 சுற்று. காந்தம் தனக்கு மேலே போகும் எஃகுக் கம்பியையும் லேசாகக் காந்தமாக்கிவிடும். அந்தக் கம்பி ஆடும்போது சுருளுக்குள் காந்தப்புலம் ஏறி இறங்கும். அப்படி ஏறி இறங்கினால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். கிட்டாரின் தடித்த கம்பியை மீட்டினால் அது நொடிக்கு 82 தடவை ஆடும். மின்சாரமும் 82 தடவை ஆடும். ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அதுதான். நைலான் நரம்பு கட்டினால் பிக்கப்புக்கு ஒன்றும் தெரியாது. மரத்தையும் அதற்குத் தெரியாது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓர் ஆரம்பகால எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல் முழுக்க அலுமினிய வார்ப்பு. பார்க்க வறுவல் சட்டி மாதிரி இருந்ததால் 'ஃப்ரையிங் பான்' என்றே அதற்குப் பேர்.

மரம் கம்பியின் ஆற்றலில் கொஞ்சத்தை உறிஞ்சும், அதனால் தொனி மாறும் என்பவர்கள் உண்டு. கொஞ்சம் உறிஞ்சுவது உண்மை. அது காதில் விழுமா என்பதில் கிட்டார் செய்கிறவர்களுக்குள் ஓயாத சண்டை. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினால் கேட்கும் வித்தியாசத்துக்கு முன்னால் முகப்பு மரம் எல்லாம் எம்மாத்திரம்? கண்ணுக்குப் பிடித்ததைப் போடலாம்.

எனக்குப் பிடித்தது பனை. தேக்கையோ வேங்கையையோ குறுக்கே அறுத்தால் நடுவில் நிறமேறிய வைரம், ஓரத்தில் வெளுத்த கட்டை. பனையில் எல்லாம் தலைகீழ். வைரம் ஓரத்தில், நடுவில் வெறும் சோறு. தொல்காப்பியத்தின் மரபியல் இதை வைத்துத்தான் பிரித்தது: வெளியே காழ், அதாவது வைரம், இருந்தால் புல், உள்ளே காழ் இருந்தால் மரம். அந்தக் கணக்கில் பனை புல்லுக்கு உறவு. இன்றைய தாவரவியலும் அதை நெல்லோடும் அறுகோடும் ஒருவித்திலைப் பக்கம்தான் உட்கார வைக்கிறது. தேக்கு பட்டைக்குக் கீழே புதிது புதிதாக மரத்தைச் சேர்த்து வளையம் வளையமாகப் பருக்கும். பனைக்கு அந்த வழி இல்லை. நீரும் சத்தும் போய்வரும் நார்க்கட்டுகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் அங்கொன்று இங்கொன்றாக. வயது ஏற ஏற ஓரத்து நார்களின் செல்சுவர் தடித்துக் கறுக்கும். வைரம் பாய்ந்த பனை என்கிறோமே, அது இதுதான்.

குறுக்கே அறுத்தால் மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். நெடுக்கே அறுத்தால் அதே புள்ளிகள் தேன் நிறத்தின் மேல் கறுப்புக் கோடுகளாக ஓடும். சற்றே சாய்த்து அறுத்தால் ஒவ்வொரு கோடும் ஊசிமுனையாக முடியும். நான் சாய்த்து அறுத்தேன்.

வேலை செய்யத்தான் பொல்லாத கட்டை. நார் இரும்பு மாதிரி, அதைச் சூழ்ந்த சதை மெத்து மெத்தென்று. அண்ணாச்சி இழைப்புளியை ஓட்டிய முதல் இழுப்பிலேயே ஒரு நார் அடியோடு பெயர்ந்து, விரல் நீளச் சிலாம்பாக அவர் உள்ளங்கையில் ஏறியது. உப்புத்தாள் போட்டாலும் சதை தேயும், நார் தேயாது. வயல் மாதிரி வரப்பு வரப்பாக நிற்கும். கடைசியில் மெல்லிய எபாக்சிப் பிசினைத் தடவி ஊறவிட்டு, சதையை இறுக்கிய பிறகு, தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தோம். மூன்று தடவை. வைரம் சில சென்டிமீட்டர் கனம்தான் என்பதால் அகலப் பலகை வராது. விரல் அகலத் துண்டுகளாகச் சீவிப் பக்கம் பக்கமாக ஒட்டியதுதான் இந்த 5 மில்லிமீட்டர் முகப்பு.

அடியில் பலா. முழு உடலையும் பனையிலேயே செய்தால் என்ன? உடலின் கனஅளவு ஏறக்குறைய 4 லிட்டர். பலா லிட்டருக்கு 600 கிராம் என்று வைத்தால் 2.4 கிலோ. நல்ல பனை வைரம் தண்ணீரின் எடையை நெருங்கும். 4 கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கச்சேரி வாசித்துப் பார்க்கட்டும்.

முகப்பின் ஓரத்திலும் கழுத்துப் பலகையிலும் சிப்பி பதித்தேன். திருச்செந்தூர்க் கடையில் வாங்கி உடைந்துபோன சிப்பிப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. கூடவே ஒரு சங்குத் துண்டு. இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட். ஆனால் சிப்பியின் உட்புறம் திருப்பத் திருப்பப் பச்சையும் ரோஜாவும் அடிக்கிறது, சங்கு பீங்கான் மாதிரி வெள்ளையாகவே இருக்கிறது. அடுக்குமுறைதான் காரணம். சிப்பிக்குள் கால்சியம் கார்பனேட் மெல்லிய தகடுகளாக, செங்கல் சுவர் போல, நடுவில் புரதப் பூச்சோடு அடுக்கியிருக்கும். ஒரு தகட்டின் கனம் சுமார் அரை மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் 0.4 முதல் 0.7 மைக்ரான்தான். ஒவ்வொரு தகட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சந்திக்கும்போது சில நிறங்கள் வலுக்கும், சில அமுங்கும். கோணம் மாறினால் நிறமும் மாறும். சங்கில் நுண்ணிழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி வெள்ளையாகிவிடுகிறது.

இதைத் தெரிந்து வைத்திருந்தும் ஒரு மடத்தனம் செய்தேன். பழைய அழுக்குப் போகட்டும் என்று சிப்பித் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் போட்டு மறந்துவிட்டேன். மேல் தகடுகளை அமிலம் அரித்து, மினுமினுப்பு செத்துச் சுண்ணாம்புக் கல்லாகிவிட்டது. நல்ல வேளை, தகடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்ததும் அடியிலிருந்து மறுபடி நிறம் வந்தது. சிப்பியை உலர்வாக அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

பதிப்பதில் பெரிய ரகசியம் இல்லை. நகை செய்கிறவர்கள் வைத்திருக்கும் மெல்லிய வாளால் வெட்டு, அதே வடிவத்தில் பள்ளம் தோண்டு, எபாக்சியில் மரத்தூளைக் குழைத்து இடுக்கை நிரப்பு, சமமாகத் தேய். கழுத்துப் பலகை லேசாக வளைந்தது, சிப்பியோ தட்டை. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கனமுள்ள துண்டைப் பெரிதாக வெட்டிப் பதித்தால், வளைவுக்குத் தேய்க்கும்போது ஓரம் காணாமல் போய்விடும்.

கழுத்துக்கு வந்துவிட்டால் கண்ணுக்குப் பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சே இல்லை. ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுவை கொடுக்கும். நேர் ரேகை ஓடும் பழைய தேக்கை எடுத்து (தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுமுன் தின்னரால் துடைக்க வேண்டும்), உள்ளே ஓர் எஃகுத் தண்டை வைத்தோம். அதன் நட்டை இறுக்கினால் கம்பி இழுக்கும் பக்கத்துக்கு எதிராகக் கழுத்து வளையும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டுக்கும் 'நட்' என்றுதான் பேர். அதிலிருந்து, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை என் கிட்டாருக்கு 648 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் 36.4, அங்கே முதல் ஃபிரெட், வீணையின் மெட்டு மாதிரி. மிச்சத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் 12வது ஃபிரெட் சரியாகப் பாதி தூரத்தில், 324இல் விழும். சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். வீணை என்றால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். இங்கே ரம்பம் இறங்கியது இறங்கியதுதான். பிசகினால் காது காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் நம்மூர் வெயில். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். ஃபிரெட் உலோகம் ஈரத்தையே கண்டுகொள்ளாது. ஐப்பசி மழையில் செய்து முடித்த கழுத்து சித்திரையில் காயும்போது ஃபிரெட் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். எனக்கும் கீறியது. அண்ணாச்சி சின்ன அரம் ஒன்றைக் கொடுத்து, "ஓரத்தை மட்டும் தடவுங்க தம்பி, சிப்பியில பட்டுராம" என்றார். இரண்டு பக்கமும் சேர்த்து 44 முனை. மத்தியானத்துக்குள் முடிந்தது.