8-ஆம் நம்பரை யாருக்கும் கொடுக்காதே

செந்தூலில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் காற்பந்து ஆடும் குழுவுக்கு ஒரே ஒரு செட் ஜெர்சிதான். 1 முதல் 18 வரை. எண்ணோடு அளவும் ஒட்டிக்கொண்டே வரும்: 7 என்றால் எம், 8 என்றால் டபுள் எக்ஸ்எல். அந்த 8-ஐப் பதினோரு வருடம் போட்டவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். போன வருடம் முழங்கால் தேய்ந்துபோனது. இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று இரவு மாமாக் கடையில் ஒருவர் ஆரம்பித்தார்: "8-ஆம் நம்பர இனி யாருக்கும் கொடுக்காம வெச்சிருவோம் லா. அமெரிக்காவுல அப்படித்தான் செய்றாங்க." தே தாரிக்கை உறிஞ்சியபடி எல்லோரும் தலையாட்டினோம். கணக்கு வழக்கு பார்க்கும் தம்பி மட்டும், "அப்ப 18 பேருக்கு 17 ஜெர்சிதான் இருக்கும்ணே" என்றான்.

அவன் பேச்சை அன்று யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் உலகின் பெரிய குழுக்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் அதுதான்.

முதலில் ஒன்று. ஜெர்சி எண் ஆரம்பத்தில் ஆளுக்கு உரியதாக இருக்கவில்லை, இடத்துக்கு உரியதாக இருந்தது. 1928 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இங்கிலாந்தில் ஆர்சனல் எண் போட்ட சட்டையோடு ஷெஃபீல்ட் வென்ஸ்டேவை எதிர்த்து ஆடியது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், அன்றைக்கு நடுவில் முன்னணியில் ஆடுபவர் யாரோ அவருக்கு 9. அடுத்த வாரம் வேறொருவர் ஆடினால் 9 அவருக்குப் போகும். ஒருவரோடு நிலைக்காத எண்ணுக்கு ஓய்வு கொடுக்க முடியுமா? உலகக் கிண்ணத்தில் 1954 முதல் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் போட்டி முழுவதற்கும் ஒரே எண் என்றானது. இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் இது 1993-இல்தான் வந்தது. காற்பந்து உலகம் இந்த மரியாதையைத் தாமதமாகக் கற்றுக்கொண்டதற்கு இது ஒரு காரணம்.

அமெரிக்க பேஸ்பாலில் கதை வேறு. நியூயார்க் யாங்கீஸ் 1929-இல் மட்டை பிடிக்கும் வரிசைப்படி எண் கொடுத்தது. மூன்றாவதாக வரும் பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக வரும் லூ கெரிக்குக்கு 4. அந்த வரிசை லேசில் மாறவில்லை. எண் மெல்ல மெல்ல ஆளோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு தொழில்முறைக் குழு எண்ணை மூடி வைத்த முதல் நிகழ்வு கனடாவில், ஐஸ் ஹாக்கியில் நடந்தது. டொரோண்டோ மேப்பிள் லீஃப்ஸ் குழுவின் ஏஸ் பெய்லி 1933 டிசம்பரில் பாஸ்டனில் ஆடும்போது எடி ஷோர் என்ற எதிரணி ஆட்டக்காரர் பின்னாலிருந்து மோதியதில் பனித்தரையில் விழுந்து மண்டையோடு உடைந்தது. உயிர் பிழைத்தார், ஆட்டம் முடிந்தது. 1934 பிப்ரவரி 14-ஆம் தேதி அவருக்காக நிதி திரட்டும் ஆட்டம் ஒன்றை நடத்தி, அவருடைய 6-ஐ இனி யாரும் அணியமாட்டார்கள் என்று அறிவித்தார்கள். அதே ஆட்டத்தில் எடி ஷோரும் வந்து அவரோடு கைகுலுக்கினார்.

இந்த வழக்கம் சாதனையில் பிறக்கவில்லை, துயரத்தில் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். அடுத்ததும் அப்படித்தான். தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடிய லூ கெரிக், 1939-இல் திடீரென்று மட்டையைச் சரியாகப் பிடிக்கவும் ஓடவும் முடியாமல் போனார். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் அது. அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், உடல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி அவருடைய 4-க்கு யாங்கீஸ் ஓய்வு கொடுத்தது. பேஸ்பாலில் அது முதல் முறை. 1941-இல் கெரிக் இறந்தபோது அவருக்கு வயது 37.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் இன்னொருவர் நினைவுக்கு வராமல் போகமாட்டார். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் 10-ஆம் எண்ணில் ஆடிய மொக்தார் டஹாரி. நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல். மெர்டேக்கா அரங்கம் 'சூப்பர்மொக்' என்று ஒரே குரலில் கத்திய காலத்தை எங்கள் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். (ஆறுமுகத்தை விட்டுவிட்டால் அவருக்குக் கோபம் வரும். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம், 1988-இல் கார் விபத்தில் போய்விட்டார்.) மொக்தார் 1991 ஜூலையில் இறந்தார். கெரிக்கைப் பிடித்த அதே இயக்க நரம்பணு நோய். அதே 37 வயது. ஆனால் தேசியக் குழுவின் 10 அவரோடு போய்விடவில்லை. 2010-இல் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது அதைப் போட்டிருந்தவர் சாஃபி சாலி. மொக்தாரின் பெயரைப் பகாங் மாநிலம் கம்பாங்கில் உள்ள காற்பந்துப் பயிற்சிக் கழகம் தாங்கியிருக்கிறது.

சரி, ஒரு துணியில் ஒட்டிய எண் எப்படி ஓர் ஆளாகவே மாறிவிடுகிறது? அரங்கத்தின் மேல் வரிசையிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. முதுகில் இருக்கும் பெரிய இலக்கம் தெரியும். இலக்கங்கள் மொத்தம் பத்தே வடிவங்கள். மூளைக்கு அவை அத்துப்படி. ஒன்றாகவே வந்து விழும் இரண்டு தகவல்களை மூளை ஒரு முடிச்சாகப் போட்டுவிடும். ஓடும் விதம், தோளின் சாய்வு, கோல் விழுந்தபோது எழுந்த சத்தம் எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்படுகின்றன. பிறகு எண்ணைப் பார்த்தாலே மற்றவை தானாக மேலே வரும்.

எண் நம் கண்ணையே கூட ஏமாற்றும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லடன் ஷம்ஸ் குழுவினர் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே உடல்வாகுள்ள அமெரிக்கக் காற்பந்து வீரரின் படத்தில் எண்ணை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். 10-இலிருந்து 19 வரை போட்டிருந்தபோது, 80-இலிருந்து 89 வரை போட்டிருந்ததைவிட அவர் ஒல்லியாகத் தெரிந்தார். 8 என்ற வடிவம் குண்டாக இருப்பதால் வந்த மயக்கமோ என்று கேட்கத் தோன்றும். அதையும் யோசித்து, 17-க்கு எதிராக 71 என்பதுபோல் அதே இலக்கங்களை இடம் மாற்றியும் பார்த்தார்கள். குறைந்தாலும் அந்த மயக்கம் போகவில்லை. வாழ்நாள் முழுக்க 10 கிலோ அரிசிப் பை 1 கிலோ பையைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பழகிய மூளை, முதுகில் இருக்கும் எண்ணையும் அளவாகவே படிக்கிறது.

இப்படிக் கட்டப்பட்ட முடிச்சுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. உளவியலில் இதை நினைவுக் குறுக்கீடு என்கிறார்கள். பழைய நினைவு புதியதை உள்ளே விடாமல் தடுக்கும். புதிய நினைவு பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். வீடு மாறிய பிறகும் பழைய வீட்டு விலாசத்தைச் சொல்வது முதல் வகை. பத்து வருடம் கழித்து அந்தப் பழைய விலாசமே மறந்துபோவது இரண்டாவது வகை. எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது இரண்டுக்கும் ஒரே மருந்து: முன்னவரின் நினைவு அழியாது, பின்னால் வருபவரும் அவருடைய நிழலில் மாட்டமாட்டார். இந்திய கிரிக்கெட்டில் 2017-இல் ஷர்துல் தாக்கூர் 10-ஆம் எண்ணோடு இறங்கியபோது நடந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். சச்சின் டெண்டுல்கரின் எண்ணை இவர் எப்படிப் போடலாம் என்று ரசிகர்கள் பிடிபிடியென்று பிடித்தார்கள். அவர் எப்படிப் பந்து வீசினார் என்று யாருமே பேசவில்லை. பிறகு 54-க்கு மாறிவிட்டார்.

இப்போது கணக்குத் தம்பியிடம் வருவோம். எண்கள் கையிருப்புப் பொருள். அமெரிக்கக் காற்பந்தில் 0 முதல் 99 வரை, ஆக 100 எண்கள். கோடைகாலப் பயிற்சி முகாமில் ஒரு குழு 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சிகாகோ பேர்ஸ் 14 எண்களை மூடி வைத்திருக்கிறது. மிச்சம் 86. புறாக்கூட்டுக் கணக்கு நினைவிருக்கிறதா? 86 கூடுகளில் 90 புறாக்களை அடைத்தால் ஏதோ ஒரு கூட்டில் இரண்டு இருந்தே தீரும். அதனால் முகாம் காலத்தில் இரண்டு பேர் ஒரே எண்ணோடு திரிவதை அனுமதிக்கிறார்கள்; 53 பேராகக் குறைத்த பிறகுதான் மூச்சு விட முடிகிறது.

யாங்கீஸ் 1939 முதல் 2022 வரை 22 எண்களை மூடியிருக்கிறது. 83 ஆண்டுகளில் 22, அதாவது ஏறத்தாழ 4 ஆண்டுக்கு ஒன்று. 2017-இல் டெரெக் ஜீட்டரின் 2 போனதோடு 1 முதல் 9 வரை எல்லாமே காலி. இவ்வளவுக்கும் அவர்கள் சிக்கனமாகவும் இருந்திருக்கிறார்கள்: 8-ஐப் போட்டு ஆடிய யோகி பெர்ரா, பில் டிக்கி இருவருக்காகவும் ஒரே நாளில் சேர்த்து மூடிவிட்டார்கள்.

ஸ்பெயினின் லா லீகாவில் முதன்மைக் குழுவுக்கு 25 இடம், 25 எண். மிச்சம் சுழியம். அதனால்தான் 2021-இல் மெஸ்ஸி போன சில வாரங்களில் பார்சிலோனாவின் 10 அன்சு ஃபாட்டியின் முதுகில் ஏறியது. மரடோனாவுக்காக அர்ஜென்டினா 2002 உலகக் கிண்ணத்தில் 10-ஐ ஒதுக்கி வைக்கப் பார்த்தது. 23 பேருக்கும் 1 முதல் 23 வரை வரிசையாக வேண்டும் என்று ஃபிஃபா மறுத்துவிட்டது. ஒர்ட்டேகா அதைப் போட்டுக்கொண்டு ஆடினார். நாப்போலிக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. 2000-இல் மரடோனாவின் 10-ஐ மூடியது.

இந்தப் பற்றாக்குறைதான் மரியாதைக்கு எடை தருகிறது என்பது என் கட்சி. உயிரியலாளர் அமோட்ஸ் ஸஹாவி 1975-இல் ஒரு கருத்தைச் சொன்னார். ஆண்மயிலின் தோகை பறக்கவும் ஒளியவும் இடைஞ்சல். அவ்வளவு பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டும் உயிரோடு இருக்கிறது என்றால் அது வலுவான மயில் என்று பெண்மயில் நம்பலாம். செலவு வைக்கும் அறிகுறியைப் போலியாகக் காட்டுவது கடினம். மயில் விஷயத்தில் உயிரியலாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், அது கிடக்கட்டும். கேடயமும் பொன்னாடையும் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். நம் ஊர் விழாக்களில் மேடையேறும் எல்லோருக்கும் மாலை விழுகிறது, யாருக்கு விழுந்தது என்று மறுநாள் யாருக்கும் நினைவிருப்பதில்லை. எண் அப்படிப் பெருகாது. கொடுத்தால் குறையும்.

அதனால்தான் யாருக்கு, எப்போது என்பதில் குழுக்கள் கருமித்தனம் காட்டுகின்றன. சட்டம் என்று பொதுவாக ஒன்றும் கிடையாது, குழுவின் நிர்வாகம் வைத்ததுதான். அமெரிக்கக் காற்பந்துக் குழுவான டல்லாஸ் கவ்பாய்ஸ் எண்ணை மூடுவதே இல்லை. அரங்கத்தைச் சுற்றிப் பெயரை எழுதிவிடும். இன்னொரு பக்கம், கூடைப்பந்துக் குழுவான மியாமி ஹீட் தனக்காக ஒரு நாளும் ஆடாத மைக்கேல் ஜோர்டனுக்காக 2003-இல் 23-ஐ மூடியது. பர்மிங்காம் சிட்டி 2020-இல் 17 வயது ஜூட் பெல்லிங்ஹாம் கிளம்பியபோது 22-ஐ மூடியது. ஒரே ஒரு பருவம் ஆடிய பையனுக்கா என்று ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான் வந்தது. பிறகு அவர் எங்கே போய் நின்றார் என்று பார்த்தபோது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

மூடிய கதவு திறந்ததும் உண்டு. ஏஸ் பெய்லியே 1968-இல் ரான் எல்லிஸ் என்ற இளைஞரின் ஆட்டம் பிடித்துப்போய், என் 6-ஐ அவர் போடட்டும் என்று கேட்டுக்கொண்டார். எல்லிஸ் ஆட்டத்தை விட்டபோது எண் திரும்ப உறங்கப் போனது. ஏசி மிலானில் பாவ்லோ மல்டீனியின் 3-ஐ அவருடைய பிள்ளைகள் மட்டும் கேட்கலாம் என்று வைத்தார்கள். மகன் டேனியல் அங்கே ஆடியபோது 3-ஐ எடுக்கவில்லை. கூடைப்பந்துக் குழுவான பாஸ்டன் செல்டிக்ஸின் ஜிம் லாஸ்கட்டாஃப் என் 18-ஐ மூடாதீர்கள், இனி வருபவர் யாராவது போடட்டும் என்று சொல்லிவிட்டார். கூரையில் எண்ணுக்குப் பதில் அவருடைய செல்லப் பெயர் தொங்குகிறது. டேவ் கவன்ஸ் வந்து அதே 18-ஐப் போட்டு, பிறகு அது அவருக்காகவே மூடப்பட்டது.

ஒட்டுமொத்த லீக்கும் மூடிய எண் 42. அமெரிக்க பேஸ்பாலின் மேல்மட்ட லீக்கில் கறுப்பினத்தவருக்கு இருந்த நிறத்தடையை 1947 ஏப்ரல் 15-இல் உடைத்த ஜாக்கி ராபின்சனின் எண். சரியாக 50 ஆண்டு கழித்து எல்லாக் குழுக்களிலும் மூடினார்கள். ஏற்கெனவே போட்டிருந்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றதால் மரியானோ ரிவேரா 2013 வரை அதோடு ஆடினார். இப்போது ஒவ்வோர் ஏப்ரல் 15-உம் லீக்கில் எல்லோருமே 42 போட்டு இறங்குகிறார்கள். எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணவே முடியாத ஒரு நாள்.

எண்ணே இல்லாத விளையாட்டுகளும் இருக்கின்றன. பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட் 108 மாதம் தொடர்ந்து ஸ்குவாஷில் உலகின் முதல் இடத்தில் இருந்தார். மூடி வைக்க முதுகில் எண் கிடையாது. புக்கிட் டும்பாரில் ஸ்குவாஷ் மையத்துக்கு அவர் பெயர்.

எங்கள் 8 கேப்டனின் காரில், பிளாஸ்டிக் பையில் இரண்டு வாரம் பத்திரமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் அதுவரை தன் சொந்த டி-சட்டையில் ஆடினான். மூன்றாவது வாரம் நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை. பை பிரிந்தது. டபுள் எக்ஸ்எல் அவனுக்குத் தொடையைத் தாண்டித் தொங்கியது. ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும், நாற்பது வயதுக்காரர்கள் எல்லாம் அவனைப் பார்த்து, "அண்ணே, இங்க! அண்ணே, பாஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.