தொடாமலே அதிரும் சைடு டிரம்

கடலூர் முதுநகரிலிருந்து வாசகர் ஒருவர் சில படங்களுடன் ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். அவருடைய தாத்தா, பிரெஞ்சு ஆட்சி முடிவதற்கு முன்பிருந்தே புதுச்சேரியில் ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் சைடு டிரம் வாசித்தவர். அந்த டிரம் இப்போது வீட்டுப் பரணில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தெருவில் சாமி ஊர்வலம் போகும்போது, நாகஸ்வரத்தின் சில சுரங்களுக்கு மட்டும், யாரும் தொடாமலேயே அது ‘சர்ர்’ என்று இரைகிறதாம். தாத்தாவின் ஆவிதான் என்று அஞ்சிய உறவினர்கள், அதைக் கடலில் விட்டுவிடச் சொல்கிறார்கள். இரைச்சலுக்குக் காரணம் என்ன, டிரம் எந்த நாட்டுத் தயாரிப்பு, அதைச் சீர்செய்து மீண்டும் வாசிக்க இயலுமா என்பவை வாசகரின் கேள்விகள்.

ஸ்னேர் டிரம் என்றும் சைடு டிரம் என்றும் அழைக்கப்படும் இக்கருவிக்கு இரண்டு முகங்கள் உண்டு. குச்சியால் அடிக்கப்படும் மேல்முகம் தடிப்பானது; கீழ்முகமோ, இன்றைய பிளாஸ்டிக் வகையில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனுடையது. மேல்முகம் அதிரும்போது உள்ளிருக்கும் காற்று அழுந்தி, அந்த அதிர்வைக் கீழ்முகத்துக்குக் கடத்துகிறது. கீழ்முகத்தின் வெளிப்புறத்தை ஒட்டி, சுருளாக முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பிகள், பெரும்பாலும் இருபது, பக்கவாட்டில் உள்ள ஒரு நெம்புகோலால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்.

இக்கம்பிகள் முகத்தோடு ஒட்டியே அதிர்ந்துகொண்டிருந்தால் அந்தச் ‘சர்ர்’ ஒலி பிறக்கவே பிறக்காது. கீழ்முகம் வெளிநோக்கி நகரும்போது கம்பிகளையும் தள்ளிக்கொண்டு போகிறது. பிறகு முகம் சட்டென்று உள்நோக்கித் திரும்புகிறது; கம்பிகளோ சடத்துவத்தால் வந்த திசையிலேயே தொடர்ந்து செல்கின்றன. அவற்றைத் திருப்பியிழுக்கும் விசை போதாவிட்டால், முகத்துக்கும் கம்பிக்கும் இடையே ஒரு நுண்ணிய இடைவெளி உண்டாகிறது. அடுத்த கணம் திரும்பி வரும் கம்பிகள் முகத்தின் மீது மோதுகின்றன. மோதல் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால் அதில் உயர் அதிர்வெண்கள் நிறைந்திருக்கின்றன. இருபது கம்பிகளும் ஒரே கணத்தில் மோதாமல் முன்பின்னாக மோதுவதால், தெளிவான சுரத்துக்குப் பதிலாக இரைச்சல் கேட்கிறது. இசைக்கருவிகளின் இயற்பியலில் இதைவிட அழகான நிகழ்வை நான் அறியேன்: தொடர்பு அறுந்து மீண்டும் சேர்வதிலிருந்தே இந்த ஒலி பிறக்கிறது.

ஆகவே இங்கு ஒரு வரம்பு இருக்கிறது. முகத்தின் முடுக்கம் ஓர் அளவைத் தாண்டினால்தான் கம்பிகள் விலகும். அவற்றை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு வரம்பும் உயரும். வாசகரின் டிரம் கவிழ்ந்திருப்பதும், படத்தில் நெம்புகோல் தளர்ந்த நிலையில் இருப்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன. அந்நிலையில் கம்பிகள் ஏறக்குறைய தம் எடையால் மட்டுமே முகத்தின் மேல் கிடக்கின்றன. எனவே முகத்தின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைத் தாண்டினாலே அவை துள்ளத் தொடங்கிவிடும். அதிர்வின் உச்ச முடுக்கம் என்பது வீச்சை (நடுநிலையிலிருந்து முகம் விலகும் தொலைவை), கோண அதிர்வெண்ணின் (அதிர்வெண்ணின் 2π மடங்கின்) வர்க்கத்தால் பெருக்கிக் கிடைப்பது. வினாடிக்கு 200 அதிர்வுகள் என்று வைத்துக் கணக்கிட்டால், இதற்குத் தேவைப்படும் வீச்சு 0.006 மில்லிமீட்டர் மட்டுமே. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. கீழ்முகத்தின் இயல்பதிர்வெண்களுள் ஒன்றை நெருங்கும் சுரத்தைத் தெருவில் செல்லும் நாகஸ்வரம் வாசிக்கும்போது, ஒத்ததிர்வினால் இந்த வீச்சு எளிதில் எட்டப்படும். சில சுரங்களுக்கு மட்டும் டிரம் இரைவதன் காரணம் இதுவே. ஆவிக்கு அஞ்சி ஒரு நல்ல கருவியைக் கடலில் எறிவது, அந்தத் தாத்தாவின் உழைப்பை எறிவதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

இந்தத் துறையில் நமக்கு உயர்ந்த முன்னோடி ஒருவர் இருக்கிறார். சாதாரண வட்டத் தோலின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கின்றி அமைகின்றன. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையிலோ, நடுவே இடப்படும் கரிய பூச்சின் பாரத்தால், அவை முழு எண் மடங்குகளை நெருங்குகின்றன என்பதை சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அவ்வழியில் பறை, தவில், பம்பை ஆகியவற்றை ஆராய ஓர் ஒலிவாங்கியும் ஒரு கணினியும் இருந்தால் கலைக்கல்லூரி மாணவர்களே தொடங்கிவிடலாம். இத்தகைய சிறு ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கத் தயங்குவது சரியன்று.

டிரம்மை அடையாளம் காண்பதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு காந்தம். வாசகரின் டிரம்மில் காந்தம் ஒட்டவில்லை. எனவே அது சாதாரண எஃகு அன்று. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், பித்தளையினுடையது ஏறக்குறைய 8.5 கிராம் என்பதால் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். இவருடையது கனமானது, முலாம் தேய்ந்த இடத்தில் மஞ்சளும் தெரிகிறது. ஆகவே பித்தளை. முலாம் நீலச் சாயலுடன் பளபளத்தால் குரோமியம். சற்றே மஞ்சளோடினால் நிக்கல். குரோமிய முலாம் 1920களில்தான் வணிக அளவில் பரவியது.

திருகுகளின் மரை இன்னும் தெளிவாகப் பேசும். பழைய பிரிட்டிஷ் தயாரிப்புகளில் 55 பாகைக் கோணமுடைய விட்வொர்த் மரை. அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குலத்துக்கு 24 புரிகளுடன் 60 பாகைக் கோணம். ஜெர்மன் டிரம்களில் மெட்ரிக். வாசகர் லேத் பட்டறையில் மரை அளவியால் சோதித்ததில் விட்வொர்த் என்று தெரிந்திருக்கிறது. பெயர்த்தகடு கழன்று, ஆணித் துளைகள் மட்டுமே எஞ்சியிருப்பதால் பிரிட்டிஷ் பித்தளை டிரம் என்ற அளவில் நிற்பதே நேர்மை. தகடு இருந்தாலும் வரிசை எண்ணை ஆண்டாக மாற்றிவிட முடியாது; அமெரிக்காவின் லுட்விக் போன்ற பெரிய டிரம் நிறுவனமே எண்ணிட்ட தகடுகளை வரிசைப்படி பொருத்தவில்லை. இப்போதுள்ள பிளாஸ்டிக் முகங்களும் சான்றாகா. அவை 1950களின் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தன. பழைய டிரம்களிலும் கன்றுத்தோலுக்குப் பதிலாகப் பின்னர் பொருத்தப்பட்டன.

சீர்செய்வதில் அவசரம் கூடாது. கடற்காற்றின் குளோரைடு, முலாமின் நுண்துளைகள் வழியே இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரிக்கிறது. சுரண்டித் தேய்த்தால் அத்துளைகள் பெருகும். இளஞ்சோப்பு நீரால் துடைத்து உடனே உலர்த்தி, திருகுகளுக்கு மெல்லிய எண்ணெய் இட்டால் போதும். பிற மரையுள்ள திருகை வலிந்து ஏற்றினால் பித்தளைப் புரிகள் அழிந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கீழ் விளிம்பில் எதிரெதிரே காணப்படும் இரண்டு ஆழமற்ற பள்ளங்கள். அவற்றைச் சேதம் என்று எண்ணி அரத்தால் சமன்செய்பவர்கள் உண்டு. கம்பிகள் முழு நீளத்துக்கும் முகத்தோடு படிவதற்காகவே தயாரிப்பாளர் அந்தச் சரிவை வைத்திருக்கிறார். அது போனால் டிரம்மின் குரலே போய்விடும். துருப்பிடித்த கம்பிகளை மாற்றலாம். பழையவற்றை எறியாமல் எடுத்து வைக்க வேண்டும்.

டிரம்மைப் பரணிலிருந்து இறக்குவதற்கு முன், செல்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைக் கொண்டு, 100 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல உயர்த்தி, கம்பிகள் எந்த அதிர்வெண்களில் துள்ளுகின்றன என்று வாசகர் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் நெம்புகோலைச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே, ஒவ்வொரு நிலையிலும் இரைச்சல் தொடங்க எவ்வளவு ஒலி தேவைப்படுகிறது என்று பார்க்கட்டும். உறவினர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு செய்வது நல்லது.