தன்னுருவப்படம்: சொல் விளக்கம்

ஒருவர் தன்னைத் தானே யோசித்து, அமைத்து எடுக்கும் ஒளிப்படம் தன்னுருவப்படம். ஆங்கிலத்தில் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்'. போர்ட்ரெய்ட் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் இலத்தீன் வேருக்கு 'வெளியே இழுத்தல்' என்று பொருள்.

தமிழில் தற்படம் என்றும் எழுதுகிறார்கள். தன் + படம் = தற்படம்; தற்காப்பு போல. இலக்கணம் சரிதான். ஆனால் தற்படமும் தம்படமும் செல்பிக்கே பழகிவிட்டன. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் கையை நீட்டி எடுப்பது செல்பி. தன் உருவில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவெடுத்து எடுக்கும் படத்துக்குத் தன்னுருவப்படம் என்பதே பொருந்தும்.

வாயால் சொல்ல முடியாததை இப்படிச் சொல்வது பழைய வழக்கம். ஒளிப்பட முன்னோடிகளில் ஒருவரான இப்போலித் பயார், பிரெஞ்சு அரசு இன்னொரு முன்னோடியான தகேருக்குத் தந்த மதிப்பைத் தனக்குத் தரவில்லை என்று மனம் நொந்தார். 1840இல், நீரில் மூழ்கி இறந்த பிணமாகத் தன்னையே படமெடுத்தார். பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ் 1982இல் மார்பகப் புற்றுநோய் வந்தபோது, இது என் உடைமைதானா என்ற கேள்வியைத் தன் மார்பிலேயே எழுதிப் படமாக்கினார்.

இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியின் துயரத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த கெமராக்களே எடுத்தன. அழுகிற தாய், செயற்கைக் கால் என்று அவை தேடியது கிடைத்தது. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி பொட்டு வைப்பதா விடுவதா? வைத்தாலும் ஊர் கதைக்கும், விட்டாலும் கதைக்கும். வீட்டுக்குள்ளேயே பேசாத விசயம் அது. கைபேசியை யன்னலில் சாத்தி, டைமரைப் பத்து செக்கனுக்கு வைத்து, குங்குமம் தொட்ட விரல் நெற்றிக்குப் போகாமல் நிற்கும் இடத்தை அவரே எடுக்கலாம். முகம் தெரியவே வேண்டாம். உடம்புக்குள் இன்னும் எறிகணைத் (செல்) துண்டோடு வாழ்பவர் அந்தத் தழும்பை மட்டும் எடுக்கலாம். எங்கே வெட்டுவது, எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் அவர் கையில். அந்த உரிமை இந்த மண்ணில் பலருக்குக் கிடைக்கவே இல்லை. அதனால்தான் இந்தச் சொல் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எடுத்ததை முகநூலில் போட வேண்டும் என்றில்லை, வைத்திருக்கலாம், அழிக்கலாம். எடுக்கும்போது நெஞ்சை அடைத்தால் அப்படியே விட்டுவிட்டு, நம்பிக்கையான ஒருவரோடு கதையுங்கள்.