குதிரையை விடுங்கள், சினோனைப் பாருங்கள்

கணினிப் பாதுகாப்பு வேலையில் இருப்பதால், "ட்ரோஜன் வைரஸ் வந்துடுச்சு சார்" என்று போனை நீட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வைரஸ் தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும். ட்ரோஜன் வேறு ரகம், நாமே கதவைத் திறந்துவிட்டால்தான் உள்ளே வரும்.

பத்து வருஷம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத ட்ராய் நகரத்துக்குள் கிரேக்கர்கள் மரக்குதிரையில் ஒளிந்து புகுந்த கதை பலருக்கும் தெரியும், ட்ரோஜன் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்தக் குதிரையை ட்ராய்க்காரர்களே உள்ளே இழுக்கும்படி பேசி ஏமாற்றிய கிரேக்கன் சினோனைத்தான் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ரோமக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தில் நிஜமான கில்லாடி இவன்தான். கிரேக்கர்கள் தன்னைப் பலிகொடுக்கப் பார்த்ததாகவும் தப்பி வந்ததாகவும் அழுகிறான். குதிரை தேவிக்குச் செய்த காணிக்கை, அது ஊருக்குள் வந்துவிட்டால் வெற்றி உங்களுக்குத்தான், அதனால்தான் வாசலில் நுழையாத அளவுக்குப் பெரிதாகச் செய்தார்கள் என்று அளக்கிறான். ட்ராய்க்காரர்கள் தங்கள் மதிலைத் தாங்களே இடித்து அதை இழுத்துப் போனார்கள். "கிரேக்கர்கள் பரிசு கொண்டுவந்தாலும் எனக்குப் பயம்தான்" என்று கத்திய பூசாரி லவோகூனின் பேச்சு எடுபடவில்லை. (ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் இன்றும் பழமொழி மாதிரி புழங்குகிறது.)

1989இல் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று லேபிள் ஒட்டிய ஃப்ளாப்பிகள் தபாலில் வந்தன. நோயைப் பற்றிப் பீதி இருந்த காலம், பலர் நம்பிப் போட்டார்கள். கணினியைச் சுமார் 90 தடவை ஆன் செய்ததும் அதில் ஒளிந்திருந்த ட்ரோஜன் கோப்புகளின் பெயர்களை உருத்தெரியாமல் ஆக்கிவிட்டு, பனாமாவில் ஒரு தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது.

இப்போது வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சலான். கோப்பின் பெயர் 'ஏபிகே' (.apk) என்று முடிகிறதா பாருங்கள், அது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், ஆப்பாக எதற்கு வர வேண்டும்? பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப் என்று போனே லவோகூன் மாதிரி எச்சரிக்கும்; மாமா நம்பரிலிருந்து வந்ததாயிற்றே என்று நாம்தான் 'அனுமதி'யை அழுத்துவோம். மாமாவின் கணக்கு ஏற்கெனவே அவர்கள் கையில், பாவம், அவருக்கே தெரியாமல் சினோன் ஆகிவிட்டார். அடுத்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் ஓடிபி நேராக அவர்களிடம் போகும்.

சரி, போட்டுவிட்டீர்கள். முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. ஆப்பை நீக்குவதெல்லாம் அப்புறம், அது போக மறுத்தால் ஃபேக்டரி ரீசெட்தான். மாமாவுக்கும் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல, போன் போட்டு.