வண்டல் இலவசம்தான், சீட்டு வாங்குவதற்குள் கண்மாய் நிறைந்துவிடுகிறது

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்மாய் வண்டல் அள்ள அனுமதிச் சீட்டு கேட்டு வைகாசியில் மனுக் கொடுத்தார். ஒன்றரை ஏக்கர் புஞ்சை. மஞ்சப்பையில் சிட்டா, அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார் எல்லாம் இருந்தன. ஊர் அலுவலகத்தில், “அது யூனியன் கண்மாய், அங்க கேளுங்க ஐயா” என்றார்கள். யூனியனில், “எங்க பதிவேட்டுல இல்லையே, பொதுப்பணித்துறையா இருக்கும்” என்றார்கள். அங்கே போனால், “தாலுகா ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க”. சீட்டு கைக்கு வந்தபோது புரட்டாசி. கண்மாயில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

சட்டம் இவ்வளவுதான்: கண்மாய் வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் காசு கட்டாமல் அள்ளலாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி தரலாம். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90, மண்பாண்டத்துக்கு 60. மண் அளக்கிற ஒரு யூனிட் என்பது 2.83 கன மீட்டர். நஞ்சை ஏக்கருக்கு 26 யூனிட் வரும். மண்தான் இலவசம், ஜேசிபியும் டிராக்டர் வாடகையும் நம் கைக்காசு.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் கண்மாய் மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்கிறதா என்பது. இல்லாத கண்மாய்க்கு எத்தனை மனுப் போட்டாலும் நடக்காது. அதைச் சொல்லாமலேயே உங்களை மூன்று மாதம் நடக்கவைப்பார்கள். கண்மாய் யாருடையது என்பதையும் நீங்களே தெரிந்துகொண்டு போங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (அந்தக் கண்மாயில் பாசனம் பெறும் நிலம்) இருந்தால் பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை), குறைவு என்றால் யூனியன்.

அடுத்தது எல்லைச் சிக்கல். நிலமோ வீடோ கண்மாய் இருக்கிற தாலுகாவிலேயே இருக்க வேண்டும். செட்டிநாட்டில் இது பெரிய தலைவலி. கானாடுகாத்தான் காரைக்குடி தாலுகா, சிவகங்கை மாவட்டம். கிட்டத்திலேயே இருக்கிற கடியாபட்டி திருமயம் தாலுகா, புதுக்கோட்டை மாவட்டம். வரப்புக்கு எதிரே தெரிகிற கண்மாய் வேறு மாவட்டமாக இருக்கலாம். பக்கத்தில் இருக்கிறதே என்று நம்பி மனுப் போடாதீர்கள்.

பட்டா இன்னொரு பொறி. இங்கே பாதி நிலம் தாத்தா பெயரில், அல்லது சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கிற முதலாளி பெயரில் கிடக்கிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்குக் காட்டக் காகிதமே இல்லை. பட்டாதாரரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, நடப்புப் பருவ அடங்கலோடு சேர்த்து வையுங்கள். போன வருட அடங்கலை நீட்டினால் அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்களில் மட்டும் தாசில்தார் சீட்டை நம்பி இறங்கிவிடாதீர்கள். 1977 முதல் அவை பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைத்தால் வன உயிரினச் சட்டத்தில் வழக்கு. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து ஜேசிபி கொண்டுவருகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

மனுவை இ-சேவையில் போடுங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். “வச்சுட்டுப் போங்க” என்று யாராவது சொன்னால் வைத்துவிட்டு வராதீர்கள். தேதி முத்திரை கேளுங்கள். கண்மாயில் மீன்பிடி முடிந்த மறுநாளே மனுப் போடுவது நல்லது. ஆடி தாண்டினால் அந்த வருடம் போச்சு.

அள்ளும்போது கரையையும் மடையையும் ஒட்டித் தோண்டாதீர்கள். கிடைத்த சீட்டில் ஒரு நடையைக்கூடச் செங்கல் சூளைக்கு விற்காதீர்கள். “நாலு நடைதானே அண்ணே” என்று சூளைக்காரர் கேட்பார். மாட்டினால் போவது உங்கள் டிராக்டர். அது தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும், நீங்கள் கோர்ட்டுக்கு நடப்பீர்கள்.