பூவுக்குள் ஓடும் இரண்டு நாள் கடிகாரம்

"தண்டின் நுனி மாதக்கணக்கில் வளர்கிறது, பூ மட்டும் நான்கு வட்டங்களோடு ஏன் நின்றுவிடுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்பவையே அந்த நான்கு வட்டங்கள்.

தண்டு நுனியில் புது செல்களை உண்டாக்கும் ஆக்குத்திசுவில் குருத்தணுக்கள், அதாவது பிரிந்துகொண்டே இருந்து எல்லா உறுப்புகளுக்கும் செல் தரும் மூலசெல்கள், சில டஜன்தான். அவற்றுக்குக் கீழேயுள்ள செல்கள் வுஷெல் என்ற புரதத்தை உண்டாக்கி மேலே அனுப்புகின்றன. அது இருக்கும்வரை குருத்தணு குருத்தணுவாகவே இருக்கும். குருத்தணுக்களோ கிளவாட்டா3 என்ற சிறு பெப்டைடை (குட்டிப் புரதத்துண்டை)ச் சுரந்து வுஷெலை அடக்குகின்றன. இந்த இழுபறியால் கூட்டம் பெருகிவிடுவதும் இல்லை, தீர்ந்துபோவதும் இல்லை.

பூமொட்டு உருவாகும்போது லீஃபி புரதமும் வுஷெலும் சேர்ந்து அகாமஸ் என்ற ஜீனை முடுக்குகின்றன. மகரந்தத்தாளும் சூலகமும் அமைவது அகாமஸால்தான். அதே அகாமஸ்தான் வுஷெலுக்கு முடிவும் கட்டுகிறது. ஆனால் உடனே அல்ல!

அரபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில் இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். வுஷெலை நிறுத்தும் வேலை நக்கிள்ஸ் என்ற ஜீனுக்கு. அந்த ஜீனின் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள்மீது மெத்தில் என்ற சிறு வேதி முத்திரைகள் குத்தி, அதைப் பூட்டி வைத்திருக்கிறது பாலிகோம்ப் என்ற புரதக்குழு. அகாமஸ் வந்து பாலிகோம்பை விரட்டிவிடும்; பழைய முத்திரைகள் மட்டும் அப்படியே இருக்கும். செல் பிரியும்போது அவை இரு சேய்செல்களுக்கும் பங்காகின்றன. புதிதாகக் குத்த ஆள் இல்லை. பாதி, கால், அரைக்கால் எனத் தேய்ந்து, சுமார் இரண்டு நாளில் பூட்டு திறக்கிறது. நக்கிள்ஸ் விழிக்கிறது, வுஷெல் அணைகிறது. செல் பிரிவதை மருந்து கொடுத்துத் தடுத்தால் நக்கிள்ஸ் விழிப்பதும் தள்ளிப்போகிறது. செல் பிரிவையே நாழிகைவட்டிலாக்கிக் காலத்தை அளக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இந்த இரண்டு நாள் அவகாசத்தில்தான் தாள்களுக்கும் சூலகத்துக்கும் போதுமான செல்கள் சேருகின்றன. வுஷெல் இல்லாத செடியில் பெரும்பாலும் ஒற்றை மகரந்தத்தாளோடு பூ முடிந்துபோகிறது, சூலகமே இல்லை. நக்கிள்ஸ் பழுதானால் சூலகத்துக்குள் மறுபடி தாள்களும் சூலகங்களும் முளைக்கின்றன. அகாமஸ் பழுதானால் புல்லி, அல்லி, அல்லி என்று பூவுக்குள் பூவாக நீள்கிறது. இப்படிப் பூப்பதைச் சகுனமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு ஜீன் கெட்டிருக்கிறது, அவ்வளவே.

களைச்செடி ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு பெரிய தக்காளியைக் குறுக்கே வெட்டிப் பார்க்கட்டும். காட்டுத் தக்காளியில் விதையறைகள் பொதுவாக இரண்டே. பெரிய ரகங்கள் சிலவற்றில் கிளவாட்டா3 குன்றியதால் குருத்தணுக் கூட்டம் பெருத்து, அறைகள் எட்டுக்கும் மேலே போய்விட்டன.